டாக்டர் அடக்கம் செய்த வண்டுகள்

அந்தக் கட்டடத்தில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். இரண்டு பேரும் முதல் மாடியில், ஒரே வீட்டில். புருஷன் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிற டாக்டர். பெண்டாட்டி வண்டுகளை ஆராய்ந்து பட்டம் வாங்கிய டாக்டர். இருமிக்கொண்டே வந்து மணியடிக்கிறவர்கள் குழம்பிவிடக் கூடாதே என்று, கட்டடத்து ஜனங்கள் அவரை வெறும் டாக்டர் என்றும் அந்த அம்மாளை வண்டு டாக்டர் என்றும் பிரித்து வைத்திருந்தார்கள். அவரிடம் போனால் ஊசி, இவரிடம் போனால் ஊசியில் குத்திய வண்டு என்று மேல் மாடி அக்கா சொல்வதுண்டு. மேல் மாடி அக்கா என்பது டாக்டரின் கூடப் பிறந்த அக்காதான். தம்பி வீட்டில் பால் பொங்கினால் அக்கா வீட்டில் வாசனை தெரியும். அவ்வளவு பாசம்.

டாக்டரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தங்கமான மனிதர். ஊரார் நெஞ்சையெல்லாம் காது கொடுத்துக் கேட்பவர். வீட்டில் யாராவது பேசினால்தான் அந்தக் காது விடுமுறை எடுத்துக்கொண்டுவிடும். பெண்டாட்டி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் "சரி, சரி, சரி" என்று மூன்று முறை சொல்வார். முதல் "சரி"க்குள் அவர் மனசு கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மற்ற இரண்டும் வழியனுப்ப.

வண்டு டாக்டர் இரண்டு வருஷமாகச் செய்துகொண்டிருந்த வேலை இதுதான்: இரண்டு ஜாதி வண்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒன்று பாலைவனத்து வண்டு. உடம்பெல்லாம் சொரசொரப்பு, மேலே மாவு பூசினாற்போல ஒரு வெளிர் நீலம், குட்டி மேஜைக்கு வைத்த மாதிரி நீளக் கால்கள். இன்னொன்று பனிமலை வண்டு. கன்னங்கரேல் என்று, பாலிஷ் போட்ட செருப்பு மாதிரி மின்னும். தட்டையான உடம்பு. கையில் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து எதையோ பீய்ச்சி அடிக்கும். அந்த நாற்றம் சோப்புக்கெல்லாம் மசியாது. இவளை அவள் ஊரிலும் அவளை இவள் ஊரிலும் குடிவைத்தால் எது தாக்குப்பிடிக்கும், எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் கேள்வி. அதனால் பாலைவனத்தாரைக் குளிரிலும் பனிமலையாரைச் சூட்டிலும் போட்டுப் போட்டு எடுப்பார். சொந்த மருமகளைக்கூட இப்படி யாரும் படுத்துவதில்லை என்று அக்கா சொன்னாலும், அளவு பார்த்துப் படுத்துவதில் வண்டு டாக்டர் கெட்டிக்காரி.

ஆராய்ச்சிக்கூடத்தின் கூரை ஒழுகியது. மராமத்து முடிகிற வரை பெட்டிகளை வீட்டில் வைத்துக்கொள்ளச் சிறப்பு அனுமதி வாங்கினார். பெட்டிக்குப் பன்னிரண்டு வண்டு. வெளிநாட்டு வண்டு என்பதால் ஒவ்வொன்றும் கணக்கில் இருந்தது. அதிகாரி ஒருவர் வந்து எண்ணிப் பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் அனுமதி ரத்து, இரண்டு வருஷ வேலையும் குப்பையில். இது கட்டடத்துக்கே தெரியும். அக்காவுக்குத் தெரிந்தால் கட்டடத்துக்குத் தெரிந்த மாதிரிதானே.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், வண்டு டாக்டர் ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போக வேண்டி வந்தது. பாலைவனப் பெட்டி சின்ன ஃப்ரிட்ஜில். பனிமலைப் பெட்டி பல்பு போட்ட மர அலமாரியில். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே புருஷனிடம் விவரமாகச் சொன்னார். டாக்டர் அப்போது போனில் ஒரு நோயாளியின் வயிற்றைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, சரி, சரி" என்றார். நோயாளிக்கா, மனைவிக்கா என்பது அந்த வயிற்றுக்கே வெளிச்சம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், பொறுப்பான புருஷனாக ஃப்ரிட்ஜைத் திறந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பன்னிரண்டும் மல்லாந்து, கால்கள் விறைத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. ஒன்றைத் தொட்டார். அசையவில்லை. ஓடிப்போய் அலமாரியைத் திறந்தார். அங்கே அந்தப் பன்னிரண்டும் மூலைக்கொன்றாகச் சுருண்டு கிடந்தன. டாக்டருக்கு வியர்த்துவிட்டது. சிறிய டார்ச்சை எடுத்து ஒவ்வொன்றின் கண்ணிலும் அடித்துப் பார்த்தார். வண்டின் கண்ணில் டார்ச் அடித்து என்ன தெரியும் என்று கேட்காதீர்கள், பழக்கம். பிறகு தலையை மெல்ல ஆட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இருபத்து நான்கு மரணங்கள் அறிவிக்கப்பட்டாயிற்று.

குப்பைக்கூடையில் போட அவருக்கு மனசு வரவில்லை. பெண்டாட்டியின் இரண்டு வருஷ உழைப்பு அது. வந்ததும் அவள் கண்ணில் இந்தக் காட்சி படக் கூடாது. தானே பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தார். தரைத்தளத்தில் டெய்லரம்மா வீட்டு வாசலில் இரண்டு பெரிய பூந்தொட்டிகள் உண்டு. ஒன்றில் பாலைவனத்தார், இன்னொன்றில் பனிமலையார். செத்தாலும் ஒப்பீடு கலைந்துவிடக் கூடாதே. தொண்டை பார்க்கையில் நாக்கை அழுத்துகிற மரக்குச்சியைத் தொட்டிக்கு ஒன்றாக அடையாளத்துக்கு நட்டார். ஒரு நிமிஷம் கை கட்டி நின்றார்.

டெய்லரம்மா மெஷினை மிதித்துக்கொண்டே ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தாள். டாக்டர் படி ஏறி வீட்டுக்குள் போவதற்கு முன்பே மேல் மாடியில் போன் அடித்தது.

மறுநாள் காலை வண்டு டாக்டர் வந்து பையை இறக்கினார்.

"உட்காரு" என்றார் டாக்டர்.

"எதுக்குங்க? குளிச்சிட்டு வரேன்."

"முதல்ல உட்காரு. இந்தா, தண்ணி குடி."

வண்டு டாக்டர் டம்ளரை வாங்கிக்கொண்டார். புருஷனின் அந்தக் குரலை அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டிருக்கிறார். அந்தக் குரல் கேட்ட பிறகு எப்போதும் யாராவது அழுவார்கள்.

"யாருங்க? எங்க அம்மாவா?"

"இல்ல."

"மேல் மாடி அண்ணியா?"

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து, "டேய் தம்பி, அவ வந்துட்டாளா? சொல்லிட்டியா?" என்று அக்காவின் குரல் படிக்கட்டு முழுக்க இறங்கி வந்தது.

"அண்ணிக்கு ஒண்ணும் இல்ல. அப்ப யாரு?"

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களால முடிஞ்சதையெல்லாம் செஞ்சோம்..." என்றார். என்ன செய்தார் என்று கேட்டால் டார்ச் அடித்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் அப்படித்தான் ஆரம்பிக்கும். "உன் வண்டுங்க... ரெண்டு பெட்டியும். ஒண்ணுகூட தங்கல."

வண்டு டாக்டர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீல வண்டு எப்படிக் கிடந்துச்சு?"

"மல்லாந்து. காலெல்லாம் விறைச்சு."

"தொட்டீங்களா?"

"தொட்டேன். அசைவே இல்ல."

"கருப்பு?"

"சுருண்டு போயிருந்துச்சு."

"அய்யோ, அதுங்க அப்படித்தாங்க இருக்கும்! நீல வண்டு குளிர்ல விறைச்சுக்கும், வெளிய எடுத்து வெச்சா எழுந்துக்கும். சும்மா இருக்கையில தொட்டாலே செத்த மாதிரி நடிக்கும், அதோட பொழப்பே அதான். கருப்பு சூட்டுல மயங்கும், கொஞ்சம் ஈரம் காட்டினா தெளிஞ்சிரும். போகும்போது படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"எப்ப சொன்ன?"

"நீங்க மூணு 'சரி' சொன்னீங்களே, அப்ப."

முப்பது வருஷ சர்வீஸில் டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்ன எவரும் எழுந்து உட்கார்ந்ததில்லை.

"சரி, அதுங்க எங்க?"

"அடக்கம் பண்ணிட்டேன்."

"எங்க?"

"டெய்லரம்மா தொட்டியில."

"ஈர மண்ணா?"

"நேத்துதான் தண்ணி விட்டிருந்தாங்க."

வண்டு டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் டாக்டருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சிரித்தார், அந்தச் சிரிப்பு நல்லதற்கில்லை. "குளிர்ல கிடந்ததை எடுத்து வெளியில வெச்சீங்க. சூட்டுல கிடந்ததை ஈர மண்ணுல வெச்சீங்க. நானே செஞ்சாலும் இவ்வளவு சரியா வைத்தியம் பண்ணியிருக்க மாட்டேன். உங்க சர்வீஸ்லயே இருபத்து நாலு பேரும் பொழைச்ச கேஸ் இது ஒண்ணுதான்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் செருப்புகூடப் போடாமல் கீழே ஓடிக்கொண்டிருந்தார்.

தொட்டிகளில் அங்கங்கே ஓட்டைகள். மரக்குச்சிகள் இரண்டும் சாய்ந்து கிடந்தன. உள்ளே ஒருவரும் இல்லை.

"சாயங்காலம் நாலு மணிக்கு அந்த அதிகாரி மேடம் வர்றாங்க" என்றார் வண்டு டாக்டர். "ஒண்ணு குறைஞ்சாலும் போச்சு. நான் எதைத் தொட்டாலும் இனி நம்ப மாட்டாங்க."

டாக்டரால் அவரைப் பார்க்க முடியவில்லை. பூந்தொட்டியைப் பார்த்தார். அதையும் பார்க்க முடியவில்லை.

அதற்குள் அக்கா கையில் வடிகட்டியோடு இறங்கி வந்துவிட்டார். டெய்லரம்மா தையல் நாடாவைக் கழுத்தில் போட்டபடி வந்தாள். டெய்லரம்மாவின் எதிர்வீட்டு வக்கீல் காபி கோப்பையோடு வந்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. இந்தக் கட்டடத்தில் துக்கத்துக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் ஆள் சேர்ந்ததில்லை.

"பறந்து போயிருக்குமோ?" என்றாள் டெய்லரம்மா.

"பறக்காதுங்க. ரெண்டுக்கும் மேல் ஓடு ஒட்டிப்போனது, இறக்கையே திறக்காது. நடக்க மட்டும்தான் தெரியும். அதனால இந்தத் தரைத்தளத்துலதான் எங்கயாவது இருக்கும்." வண்டு டாக்டருக்குத் தொழில் என்று வந்ததும் குரல் நேராகிவிட்டது. "எங்கெல்லாம் சூடா, காஞ்சு கிடக்கோ அங்க நீலத்தைத் தேடுங்க. எங்கெல்லாம் குளிர்ச்சியா, இருட்டா, ஈரமா இருக்கோ அங்க கருப்பைத் தேடுங்க. தொட்டதும் செத்துப்போனா அது நீலம். தொட்டதும் நாறினா அது கருப்பு."

"நாடகக் கம்பெனி, நாத்தக் கோஷ்டி" என்று அக்கா அப்போதே பெயர் வைத்துவிட்டார். "டேய் தம்பி, நீ நாத்தத்தைப் பாரு. உனக்குப் பழக்கம்."

தேடுதல் ஆரம்பித்தது. வாசற்படியில் காலை வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்று டெய்லரம்மா சத்தியம் செய்தாள். காலையில் அவளே பெருக்கினாளாம்.

"பெருக்கும்போது ஏதாச்சும் இருந்துச்சா?" என்றார் டாக்டர்.

"உயிரோட ஒண்ணும் இல்ல டாக்டர். செத்த வண்டு நாலஞ்சு கிடந்துச்சு, முறத்துல வாரி மூலையில வெச்சேன்."

டாக்டர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. முறத்தில் நான்கு நீல வண்டுகள் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தன.

டெய்லரம்மாவின் இஸ்திரி மேஜைக்கு அடியில் இரண்டு. வக்கீல் வீட்டில், தாழ்வான அலமாரியில் இருந்த வைஃபை பெட்டியின் மேல் ஒன்று, ஏதோ கோயில் குளக்கரையில் உட்கார்ந்திருப்பது போல. கருப்பு வண்டுகள் மோட்டார் அறையின் ஈரச் சாக்குக்கு அடியில் ஒரு குடும்பமாகக் கிடந்தன. குளியலறை வாளிக்குப் பின்னால் ஒன்றைப் பிடித்த வக்கீல், "வீட்டுக்காரர் சம்மதம் இல்லாம உள்ள வந்திருக்கு, இது அத்துமீறல்" என்று சட்டம் பேசினார். அது பதில் வாதத்தை அவர் விரலிலேயே பீய்ச்சி அடித்தது. வக்கீல் அன்று முழுக்க இடது கையைத் தன்னிடமிருந்து தள்ளியே வைத்திருந்தார்.

ஆச்சரியம் டெய்லரம்மாவின் பழைய ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்தது. டாக்டர்தான் தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். சூடாக உறுமிக்கொண்டிருந்த மோட்டாரின் மேல் நான்கு நீலம். அதற்கு ஒரு சாண் கீழே, தண்ணீர் சொட்டுகிற தட்டில் மூன்று கருப்பு. ஒரே ஃப்ரிட்ஜ். அவரவருக்கு அவரவர் நாடு.

"இங்க வாயேன்" என்றார் டாக்டர், எழுந்திருக்காமலே. வண்டு டாக்டரும் பக்கத்தில் குப்புறப் படுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலையை டாக்டர் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"நீ சொன்ன மாதிரியே இருக்கே" என்றார்.

"ரெண்டு வருஷமா அதைத்தாங்க சொல்லிட்டிருக்கேன்."

அக்காவுக்கு மட்டும் ஒரு மனக்குறை. "இத்தனை வீட்டுக்குப் போச்சு, நம்ம வீட்டுக்கு ஒண்ணுகூட வரலையே. மாடின்னா அவ்வளவு இளப்பமா?"

மூன்றரைக்குக் கருப்பு பன்னிரண்டும் சேர்ந்துவிட்டது. நீலம் பதினொன்று. பன்னிரண்டாவதைக் காணோம். இஸ்திரிப்பெட்டி, வெந்நீர் பாய்லர், மீட்டர் பெட்டி, வக்கீலின் மேஜை விளக்கு என்று சூடான இடமெல்லாம் சலித்தாயிற்று. நாலு மணிக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

அதிகாரி நடுத்தர வயசுப் பெண்மணி. தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே வந்தார். அதிகம் பேசாதவர், பேசாதவர்கள்தான் சரியாக எண்ணுவார்கள். கருப்புப் பெட்டியைத் திறந்தார். டாக்டர் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். அடுத்து நீலப் பெட்டி. ஏதாவது செய்தாக வேண்டும்.

"மேடம், உங்களுக்குத் தலை சுத்துதா?"

"இல்லையே."

"சுத்தும். முகமெல்லாம் சிவந்திருக்கு. ஒரு நிமிஷம் உட்காருங்க, பிரஷர் பார்த்துடலாம்."

பிரஷர் கடிகாரம் மாதிரி சரியாக இருந்தது. டாக்டர் அதற்காக வருத்தப்பட்டார். ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். "மூச்சை நல்லா இழுங்க. விடுங்க. இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை." அக்கா கதவோரம் நின்றுகொண்டு, தம்பி யாரையும் இவ்வளவு மூச்சு வாங்கவைத்ததில்லை என்று டெய்லரம்மா காதில் ஊதினார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார் அதிகாரி. "வர்ற வழியெல்லாம் நெரிசல். ஊர்ந்து ஊர்ந்து வந்ததுல வண்டி இன்ஜின் நெருப்பாக் கொதிக்குது. அந்த அனல்தான் முகத்துல."

டாக்டர் கை அப்படியே நின்றது. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் "சரி, சரி, சரி" என்றிருப்பார். அன்று கேட்டார். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். இந்தக் கட்டடத்திலேயே அதிகச் சூடான பொருள் இப்போதுதான் வந்து, பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஸ்டெதஸ்கோப்பை அதிகாரி மடியிலேயே விட்டுவிட்டு அவர் ஓடினார்.

ஸ்கூட்டரின் நிழலில், இன்ஜினுக்கு நேர் கீழே, நீலமாக ஒரு சொரசொரப்பு நீளக் கால்களை எட்டி எட்டி வைத்து நடந்துகொண்டிருந்தது. டாக்டர் மண்டியிட்டு விரலால் தொட்டார். உடனே அது மல்லாந்து விழுந்து, கால்களை விறைத்து, உயிரை விட்டது.

"என்கிட்டயேவா?" என்றார் டாக்டர். அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு படி ஏறினார்.

மேலே அதிகாரி எண்ணி முடித்திருந்தார். "பதினொண்ணு" என்றார். "ஒண்ணு குறையுதே."

வண்டு டாக்டருக்குப் பொய் சொல்ல வராது. "ஆமா மேடம். நடந்தது என்னன்னா..." என்று ஆரம்பித்தபோது, மூச்சிரைக்க டாக்டர் உள்ளே வந்து கையை விரித்தார்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "இது செத்துப்போச்சே."

"உட்காருங்க மேடம்" என்றார் டாக்டர். அதே ஆஸ்பத்திரி வராந்தாக் குரல். ஆனால் இந்தத் தடவை அது வேறு திசையில் போயிற்று. "கொஞ்சம் தண்ணி குடிங்க. மனசைத் தேத்திக்குங்க. உயிரோடதான் இருக்கு."

எல்லாரும் அந்த உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றார்கள். அக்காகூடப் பேசவில்லை, அது ஒரு சரித்திரம். சற்று நேரத்தில் ஒரு கால் மெல்ல மடங்கியது. அடுத்தது. வண்டு புரண்டு எழுந்து, டாக்டரின் கட்டை விரலைச் சுற்றிக்கொண்டு, ஒன்றுமே நடவாதது போல நடந்தது.

"பன்னிரண்டு" என்றார் அதிகாரி. பிறகு சுற்றிலும் பார்த்தார். வடிகட்டி, முறம், விரலை நீட்டியபடி நிற்கிற வக்கீல். "இதெல்லாம் என்னன்னு யாராச்சும் சொல்லுவீங்களா?"

வண்டு டாக்டர் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில் அக்காவுக்கு மூச்சு முட்டியிருந்தது. டார்ச்சில் ஆரம்பித்து மரக்குச்சி வரை ஒன்று விடாமல் கொட்டிவிட்டார். தம்பி கை கட்டி நின்றதை நடித்தும் காட்டினார். அதிகாரி சிரிக்கவில்லை; உதட்டை மட்டும் இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது.

"எல்லாம் இருக்கு, உயிரோட இருக்கு. அனுமதி நீடிக்கும்" என்றார் திரும்பி வந்து. "ஆனா புதுசா ஒரு நிபந்தனை போட்டுட்டுப் போறேன். பெட்டி வீட்டுல இருக்கிற வரைக்கும் டாக்டரை அதுகூடத் தனியா விடக் கூடாது."

அந்த நிபந்தனை டாக்டரின் கிளினிக் வரை போய்ச் சேர அரை நாள்கூட ஆகவில்லை. எந்த வழியாகப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. ஊசி போட வருகிறவர்கள், "டாக்டர், நான் உயிரோடதானே இருக்கேன்?" என்று கேட்டுவிட்டுத்தான் சட்டையைத் தூக்கினார்கள்.

அன்று சாயங்காலம் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, வண்டு டாக்டர் பெட்டிகளை அதனதன் இடத்தில் வைத்தார். "என்னங்க, அந்த ஃப்ரிட்ஜுக்குப் பின்னால பார்த்தோமே, அதுல ஒரு விஷயம் கவனிச்சீங்களா..." என்றார் முதுகைக் காட்டியபடியே.

வழக்கமான மூன்று 'சரி' வரவில்லை. திரும்பிப் பார்த்தார். டாக்டர் போனை அணைத்து ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டி, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

வண்டு டாக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. மேஜையில் கிடந்த மரக்குச்சியை எடுத்துப் புருஷனின் தோளில் ஒரு குத்துக் குத்திப் பார்த்தார்.

"நடிக்கலையே?"

"இல்ல" என்றார் டாக்டர், தோளைத் தேய்த்துக்கொண்டே. "சொல்லு."